தீம் பார்க் பை: ஈரிழைத் துண்டுக்கு 9 மார்க், மொபைல் பவுச்சுக்கு 5

தண்ணீர் பார்க்குக்குக் கிளம்பும் பையின் எடை காலையில் தெரியாது, சாயங்காலம்தான் தெரியும். காலையில் லேசாகத் தோளில் தொங்கிய பை, திரும்பும்போது இரண்டு கையாலும் தூக்க வேண்டியதாகி, அடியில் சொட்டச் சொட்ட கார் சீட்டையும் நனைத்துக்கொண்டு வரும். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரோ, பேரூர்ப் பக்கம் கோவை கொண்டாட்டமோ, எல்லை தாண்டி மலம்புழாவோ, கொச்சி வொண்டர்லாவோ, எங்கே போனாலும் இதே கதைதான். ஆகவே பையில் வைக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டே கேள்வி: நனைந்தால் எவ்வளவு கனக்கும், வாசலில் நிறுத்திவிடுவார்களா? பெரியவர்கள் இரண்டு பேர், பள்ளிக்கூடம் போகிற வாண்டுகள் இரண்டு, கூட ஒரு அம்மிச்சி (அம்மாவின் அம்மா) என்று ஐந்து பேர் கணக்கில் மார்க் போட்டிருக்கிறோம்.

துண்டு

வீட்டில் இருக்கிற டர்க்கி டவலைத்தான் எல்லோரும் முதலில் எடுத்து வைப்பார்கள். 30-க்கு 60 அங்குலத்தில் 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) டவல் ஒன்று, காய்ந்திருக்கும்போதே அரைக் கிலோவுக்கு மேல். ஐந்து பேருக்கு ஐந்து என்றால் இரண்டரைக் கிலோ. அதன் மேல்பரப்பில் சின்னச் சின்ன வளையமாக நிற்கும் நூல்தான் தண்ணீரை வாங்கிப் பிடித்துவைக்கிறது. தடிமன் அதிகம் என்பதால் கையால் முறுக்கவும் வராது, பாதித் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும். பையின் கனத்தில் பெரும்பங்கு இந்த ஐந்து டவல்தான்.

ஈரோட்டு ஈரிழைத் துண்டு அதே அளவில் இருநூறு கிராமைச் சுற்றித்தான் வரும். பேரிலேயே விஷயம் இருக்கிறது: இரண்டிரண்டு இழையாகச் சேர்த்து நெய்தது. வளைய நூல் கிடையாது, இரண்டு பக்கமும் தட்டை. உடம்பில் இருக்கும் தண்ணீரை நன்றாகவே எடுக்கும். ஆனால் உள்ளே ஒளித்துவைக்க அதற்கு இடமில்லை. இரண்டு முறுக்கு முறுக்கினால் கொட்டிவிடும். சித்திரை வெயிலில் காருக்கு மேல் விரித்துப் போட்டால் எல்லோரும் உடை மாற்றி வருவதற்குள் பெரும்பாலும் காய்ந்திருக்கும். உடை மாற்றும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளலாம், வரிசையில் நிற்கும்போது குழந்தை தலையில் போடலாம், வெயிலில் காய்ந்து கிடக்கும் கார் சீட்டில் விரித்து உட்காரலாம். டர்க்கி டவலை வைத்து இதெல்லாம் முடியாது.

குறை இருக்கிறது. கடையில் வாங்கிய அன்றே எடுத்துப்போனால் ஏமாந்தீர்கள். புதுத் துண்டில் கஞ்சி மொடமொடவென்று நிற்கும். தண்ணீர் அதன் மேல் ஓடுமே தவிர உள்ளே இறங்காது. முதல் நாள் ராத்திரி ஊறவைத்து, அதன்பின் இரண்டு மூன்று முறை துவைத்து எடுத்தால்தான் மெத்தென்று ஆகும். ஆகவே பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே வாங்கிவிட வேண்டும். சிவப்பு, பச்சை, ஊதா நிறத் துண்டுகள் முதல் துவைப்புகளில் சாயம் விடும், வெள்ளைப் பனியனோடு சேர்க்காதீர்கள். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஜல்லடை மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தால் இழையைக் குறைத்து நெய்தது, நாலு மாதத்தில் நைந்துவிடும். ஈரோடு கனி மார்க்கெட் பக்கமோ சென்னிமலையிலோ மொத்தமாக எடுத்தால் விலை இறங்கும். தலைக்கு ஒன்று, கூடுதலாக இரண்டு, ஆக ஏழு துண்டு. ஏழும் சேர்ந்து மூன்று டர்க்கி டவல் எடைகூட வராது.

மார்க் 10-க்கு 9. ஒன்று குறைந்தது கஞ்சிக்காக. மைக்ரோஃபைபர் டவல் இதைவிட இன்னும் லேசு, ஆனால் ஈர உடம்பில் ஒட்டிக்கொண்டு இழுபடும். நீளக் கூந்தலைச் சுற்றிவைக்க மட்டும் ஒன்று போதும்.

தண்ணீரில் இறங்கும் உடை

பருத்தி உடையோடு இறங்கக் கூடாது, நைலான் அல்லது பாலியஸ்டர்தான் என்று பெரும்பாலான பார்க்குகள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நனைந்த பருத்தி கனத்து, சறுக்குமரத்தில் ஒட்டிக்கொள்ளும்; ஆள் நடுவழியில் நின்றுபோவார், பின்னால் வருபவர் வந்து மோதுவார். பருத்தி விடும் பிசிர், குளத்து வடிகட்டியை அடைக்கும். சாதாரணக் காற்றில் வைத்திருக்கும்போதே பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். இரண்டையும் தண்ணீரில் முக்கி எடுத்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

வாசலில் வாடகை உடை கிடைக்கும். எல்லோரும் போட்டுக் கழற்றியதை நம் உடம்பில் ஏற்ற மனசு வராதவர்கள் நிறைய. நம்மூர்க்காரர்களுக்கு அதைவிட நல்ல வழி திருப்பூர் காதர்பேட்டை. டிரை ஃபிட் டி-சர்ட், ட்ராக் பேன்ட், லெக்கிங்ஸ் எல்லாம் அங்கே எக்ஸ்போர்ட் மிச்சமாகக் குவிந்து கிடக்கும். சிக்கல் ஒன்றுதான்: டிரை ஃபிட் என்று நீட்டுவதெல்லாம் முழு பாலியஸ்டர் இல்லை. பாலி காட்டன் கலவையும் பார்வைக்கு அதேபோல வழவழவென்றுதான் இருக்கும், லேபிளும் பெரும்பாலும் வெட்டியிருக்கும். வீட்டுக்கு வந்து உள் தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். சுருண்டு உருகி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணி மாதிரி நின்றால் பாலியஸ்டர். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பல் வந்தால் பருத்தி. சாம்பலும் மணியும் கலந்து வந்தால் கலவை, அதை வீட்டில் போட்டுக்கொள்ளலாம்.

அளவில் இன்னொரு தப்பு நடக்கும். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது நமக்குப் பழக்கம். தண்ணீரில் அது வேலைக்கு ஆகாது. தொளதொள பேன்ட் முதல் சறுக்கலிலேயே இறங்கிவிடும். இடுப்பில் எலாஸ்டிக் மட்டும் போதாது, உள்ளே நாடாவும் வேண்டும். குழந்தைகளுக்கு முழுக்கை வைத்த நீச்சல் சட்டை எடுத்தால் வெயிலில் தோள் கருகாது, சன்ஸ்கிரீன் செலவும் பாதியாகும். பெண்களுக்கு நைலான் லெக்கிங்ஸ், மேலே முட்டிக்கு மேல் நிற்கிற பாலியஸ்டர் டாப், இதுதான் வசதி. பக்கவாட்டில் நீளமாகப் பிளந்த டாப் சறுக்கும்போது முகத்துக்கு ஏறும். துப்பட்டா எங்கும் ஆகாது. வெள்ளையும் வெளிர் நிறமும் நனைந்தால் கண்ணாடிதான், அடர் நிறம் அல்லது நெருக்கமான பிரிண்ட் பாருங்கள். ஜிப், இரும்புப் பட்டன் வைத்த ஜீன்ஸ் ஷார்ட்ஸ் சறுக்குமரத்தின் ஃபைபரைக் கீறும் என்று அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

டயப்பர் போடுகிற குழந்தை இருந்தால் சாதாரண டயப்பரோடு தண்ணீரில் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பொடி தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி பூசணிக்காய் மாதிரி ஊதும், கடைசியில் கிழிந்து ஜெல்லியாகக் குளமெல்லாம் மிதக்கும். நீச்சல் டயப்பர் தனியாக விற்கிறது. அது மலத்தை மட்டும்தான் நிறுத்தும், சிறுநீரை நிறுத்தாது. ஆகவே காரிலிருந்தே மாட்டிக்கொண்டு வராமல், குளத்தருகே வந்து மாட்டுங்கள்.

காதர்பேட்டை பாலியஸ்டருக்கு 8. நூலைக் கொளுத்திப் பார்க்காமல் வாங்கினால் 4.

மொபைல் பவுச்

பத்தில் ஐந்து. அதுவும் இரக்கப்பட்டுத்தான்.

கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் பவுச்சில் ஐ.பி.எக்ஸ். 8 என்று (தண்ணீர் புகாது என்பதற்கான தரக் குறியீடு) அச்சடித்திருப்பதை நம்பி எடுத்தவுடன் போனை உள்ளே வைக்காதீர்கள். டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்து உள்ளே வைத்துப் பூட்டி, வாளித் தண்ணீரில் ஒரு செருப்பையோ கல்லையோ மேலே வைத்து அமுக்கி அரை மணி நேரம் விடுங்கள். எடுத்ததும் வெளியே நன்றாகத் துடைத்த பிறகுதான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே நின்ற சொட்டு உள்ளே விழுந்து நல்ல பவுச்சுக்கும் கெட்ட பேர் வரும். பேப்பரின் மூலை ஈரமாக இருந்தால் கோளாறு அநேகமாகப் பூட்டில்தான்: ஒரு மணல் துகள், ஒரு முடி, கவரின் சின்ன மடிப்பு, இதில் ஏதாவது ஒன்று பூட்டின் வாயில் சிக்கியிருக்கும். துடைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். இரண்டாவது முறையும் நனைந்தால் தூக்கிப் போடுங்கள்.

சோதனையில் தேறிய பவுச்சும் வேறு விதத்தில் சொதப்பும். ஏசி காரிலிருந்து எடுத்த போனைப் புழுக்கத்தில் வைத்துப் பூட்டினால் உள்ளே பனி மூட்டம், போட்டோவெல்லாம் புகை படிந்த மாதிரி வரும். வெளியே வந்து பத்து நிமிஷம் போனை வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு, காய்ந்த கையால் உள்ளே வையுங்கள். ஈரம் பட்ட கவருக்கு மேலே விரல் வேலை செய்யாது, ஆகவே வால்யூம் பட்டனில் போட்டோ எடுக்கிற வசதியை முன்கூட்டியே போட்டுவைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் பவுச்சுக்குள் போன் சூடேறிக் கேமரா தானே நின்றுபோகும். எல்லாவற்றுக்கும் மேல், கழுத்துக் கயிறோடு சறுக்குமரத்தில் ஏறவே கூடாது. எங்காவது மாட்டினால் இறுக்குவது கழுத்தைத்தான்.

ஐ.பி. 68 போன் (தண்ணீர் தாங்கும் என்று தரக் குறியீடு போட்டது) வைத்திருப்பவர்கள் பவுச்சே வேண்டாம் என்பார்கள். அந்தச் சோதனை அசையாத நல்ல தண்ணீரில் நடப்பது. அலைக்குளத்தில் இருப்பது குளோரின் கலந்த, மோதுகிற தண்ணீர். தண்ணீர் புகுந்த கோளாறுக்கு வாரண்டியும் பொதுவாகக் கிடைக்காது. ஆள் ஒன்றுக்கு ஒரு போன் எதற்கு? குடும்பத்துக்கு ஒரு பவுச், ஒரு போன், மற்றதெல்லாம் லாக்கரில்.

பை

துணிக்கடைக் கட்டைப்பை: 3. வாய் மூடாது, அடி ஈரத்தை வாங்கிக் காய்ந்த துணிக்கும் கடத்தும். பார்க்குக்குள் அதைத் தூக்கிக்கொண்டு அலைவதும் அம்மிச்சியின் வேலையாகிவிடும்.

தண்ணீர் புகாத இருபது லிட்டர் ட்ரை பேக் ஒன்று வைத்துக்கொண்டால் நல்லது. வாயைச் சேர்த்துப் பிடித்துக் குறைந்தது மூன்று சுருட்டுச் சுருட்டிக் கொக்கி மாட்ட வேண்டும். கழுத்துவரை திணித்துவிட்டு ஒரே மடிப்பில் மாட்டினால் சாதாரணப் பைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. பலரும் கவனிக்காத ஒன்று: தண்ணீரை உள்ளே விடாத பை, உள்ளே இருப்பதை வெளியேயும் விடாது. ஈரத் துணியை அதில் அடைத்து வண்டியில் மூன்று மணி நேரம் வைத்துப் பாருங்கள், வீட்டில் திறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஆகவே ட்ரை பேக் காய்ந்த பொருளுக்கு மட்டும்.

ஈரத் துணிக்கு இதுவரை பார்த்ததில் சிறந்த பொருள் கடையில் விற்பதே இல்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிச்சமான, மூடி வைத்த பத்து லிட்டர் பெயின்ட் பக்கெட்! கழுவிக் காயவைத்து டிக்கியில் போட்டுவிடுங்கள். ஐந்து பேர் ஈர உடை அதற்குள் அடங்கும், ஒரு சொட்டு வெளியே வராது, வீட்டில் அதிலேயே தண்ணீர் ஊற்றி அலசலாம். 10-க்கு 10. பஸ்ஸில் போகிறவர்களுக்கு மட்டும் இது சரிப்படாது. அவர்கள் ஈரத் துணியை நன்றாக முறுக்கிப் பிழிந்து, பழைய ரெயின்கோட்டிலோ ரெக்ஸின் பையிலோ சுருட்டிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் கேரி பேக்குக்குத் தடை, போகிற இடத்தில் கவர் கிடைக்கும் என்று கையை வீசிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

மஞ்சப்பைக்கு இங்கே ஒரு நல்ல வேலை உண்டு. திரும்பும்போது போடுகிற உடையை ஆளுக்கு ஒரு மஞ்சப்பையில் கட்டுங்கள்: சட்டை, பேன்ட், உள்ளாடை, ஒரு துண்டு, எல்லாம் ஒரே பையில், மேலே மார்க்கரில் பேர். உடை மாற்றும் அறையில் தரை முழுக்க ஈரமாகத்தான் இருக்கும். நடுவில் பெரிய பையைத் திறந்து ஐந்து பேர் துணியைக் கிளறினால் காய்ந்தது எதுவும் மிஞ்சாது. ஆளுக்கொரு பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

சோறு

கட்டுச்சோறு இல்லாமல் நம்மூரில் யாரும் வண்டி ஏறுவதில்லை. ஆனால் பெரும்பாலான பார்க்குகள் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை, வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். குழந்தைக்கான உணவு, மருந்து என்றால் அநேகமாக விடுவார்கள். எனவே சோற்றை மதியத்துக்கு என்று கட்டாதீர்கள். காலையில் நுழைவதற்கு முன்னால் ஒரு வேளை, சாயங்காலம் வெளியே வந்ததும் நொறுக்குத் தீனி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அரிசிம்பருப்பு சாதம் காலை எட்டு மணிக்குச் சாப்பிடுவதானால் தாராளமாகக் கட்டலாம், மதியத்துக்கு வேண்டாம். சூடாக அடைத்த டப்பாவில் ஆவி நீராகி மேலேயே சொட்டும். வெந்த சோறும் பருப்பும் வெதுவெதுப்பில் நாலைந்து மணி நேரம் கிடந்தால் கிருமிக்கு விருந்துதான். புளிச்சோறு தாங்கும், புளிப்பும் எண்ணெயும் காப்பாற்றும். அதையும் அகலத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும். தயிர்ச்சோறு கட்டியே தீரணும் என்றால், குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறின பாலை ஊற்றி, நாலு பேருக்கு இரண்டு ஸ்பூன் தயிர் மட்டும் கலக்குங்கள். சாப்பிடுகிற நேரத்துக்குப் பதமாக உறைந்திருக்கும். தேங்காய்ச் சட்னி மட்டும் கூடவே கூடாது. சாயங்காலத்துக்குக் கடலை உருண்டை, எள்ளுருண்டை, முறுக்கு. தண்ணீரில் ஆடின பிள்ளைகளுக்கு ஐந்து மணிக்கு வருகிற பசி லேசுப்பட்டதல்ல, இரண்டு மடங்காக எடுத்துவையுங்கள்.

நகை, பூ, கண்ணாடி

கழற்றி வீட்டில் வைக்க வேண்டியவை இவை. தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் அன்றைக்கு மஞ்சள் கயிற்றில் இருப்பது நிம்மதி. சங்கிலிக் கொக்கி தளர்ந்திருந்தால் அலைக்குளத்தில் போனது போனதுதான். குழந்தையின் கொலுசு, வெள்ளி அரைஞாண் இரண்டும் குளோரின் பட்டுக் கறுக்கும், கொலுசு சறுக்கலில் மாட்டவும் செய்யும். தலையில் பூ வேண்டாம், இதழ் எல்லாம் வடிகட்டிக்குத்தான் போகும். தலைமுடிக்கு இரும்புக் கிளிப் இல்லாமல் ரப்பர் பேண்டில் இறுக்கிப் பின்னுங்கள்.

மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டும் கயிறு கண்ணாடிக் கடையிலேயே கிடைக்கும், சின்னச் செலவுதான். கான்டாக்ட் லென்ஸோடு குளத்தில் இறங்காதீர்கள், லென்ஸுக்கு அடியில் தங்கும் தண்ணீரால் கண்ணில் மோசமான தொற்று வரலாம்.

செருப்பு ரப்பர் ஹவாய் போதும். மதியம் பன்னிரண்டு மணிக்கு சிமென்ட் தரை தோசைக்கல்தான், வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளை கொப்புளத்தோடு வரும். சறுக்குமரத்தடியில் கழற்றிவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி நீலச் செருப்பு. வாரில் ஒரு சிவப்பு நூல் சுற்றிவையுங்கள்.

மருந்தும் களிம்பும்

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், தண்ணீர் தாங்கும் வகையாக இருக்கட்டும். இறங்குவதற்குக் கால் மணி முன்னால் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, துண்டால் துடைத்த பின் ஒருமுறை மறுபடி. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கினால்தான் சரியான அளவு. பொட்டு வைக்கிற மாதிரி தடவினால் அட்டையில் போட்டிருக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் இருந்தாலும் உடம்பு வியர்க்கும், அது யாருக்கும் தெரியாது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் இரண்டு வையுங்கள். ஒன்றை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், பாதியைப் போட்டு டம்ளரில் கலக்கினால் அளவு கெடும். பிளாஸ்டரில் தண்ணீர் தாங்கும் வகை எடுங்கள். காதில் குழாய் வைத்த குழந்தை, காது ஒழுகுகிற குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் தலையை முக்க விடாதீர்கள்.

டிக்கெட் வாங்குமுன் பிள்ளைகளின் உயரத்தை வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் அளந்துகொள்ளுங்கள். பல இடங்களில் சிறுவர் டிக்கெட்டும், ரைடில் ஏற்றுவதும் உயரத்தைப் பார்த்துத்தான். அம்மிச்சியின் ஆதார் அட்டையை மறக்க வேண்டாம், மூத்தோர் சலுகை இருந்தால் கேட்பார்கள்.

காலத்துக்கு ஏற்ப இரண்டு சேர்க்கை. ஆடி நோம்பி லீவில் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு முழுக்கைச் சட்டை கூடுதலாக வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெயில் அடிக்கும்போதே ஈர உடம்பைப் பல் தந்தியடிக்க வைத்துவிடும். பிளாக் தண்டர் முடித்து அப்படியே ஊட்டிக்கு ஏறுகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, கிளம்புமுன் பதிவு செய்துவிடுங்கள். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் சில்வர் பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பயணத்தில் ஈர பக்கெட்டைத் திறக்காமல் விடக் கூடாது. மலை ஏறுமுன் மேட்டுப்பாளையத்திலேயே நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசிவிடுங்கள். எலாஸ்டிக்கையும் ஸ்பான்டெக்ஸையும் கொல்வது குளோரின்தான், ஒரு ராத்திரி அதில் ஊறிய லெக்கிங்ஸ் அடுத்த முறை முட்டியில் தொங்கும். அலசிப் பிழிந்ததைப் பக்கெட்டில் போட்டு, மூடியை ஒரு பக்கம் மட்டும் தூக்கி வைத்தால் நாற்றம் பிடிக்காது.